புல்லை அளந்தது போதும், வில்லோவை அளந்து பாருங்கள்: மேற்கு அமெரிக்காவின் மேய்ச்சல் நில அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க நில மேலாண்மைப் பணியகத்திலும் வன சேவையிலும் மேய்ச்சல் உரிமங்களைக் கையாளும் அலுவலர்களுக்கு,

வணக்கம்.

வடக்கு நெவாடாவில் குடியிருக்கும் தமிழர்களில் ஒருத்தி நான். இந்த மடலின் சாரத்தை ஆங்கிலத்தில் உங்களுக்கு முறைப்படி அனுப்பியாயிற்று. அதையே தமிழிலும் எழுதக் காரணம் இருக்கிறது. நீங்கள் நிர்வகிப்பதும், பண்ணைக்காரர்களின் மாடுகள் மேய உரிமம் கொடுப்பதும் பொது நிலத்தில். வரி கட்டும் எங்களுக்கும் அதில் பாத்தியதை உண்டு. கோடை வந்தால் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு அந்த மலையோடைகளுக்குக் கிளம்பும் தமிழ்க் குடும்பங்கள் இங்கே நிறைய. காலை நனைத்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்பும் அவர்களுக்கும் அந்தக் கரையில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். தெரிந்தால் அவர்களும் உங்களிடம் கேட்பார்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். மாடுகள் ஓடைக்கரையை விட்டு எப்போது வெளியேற வேண்டும் என்பதை இன்று பெரும்பாலும் மேய்ந்து மிஞ்சிய புல்லின் தாள் உயரத்தை வைத்து முடிவு செய்கிறீர்கள். கரையில் முளைத்திருக்கும் வில்லோ என்ற புதர்ச்செடியின் இளம் விளார்களை வைத்து முடிவு செய்யுங்கள். அதை உரிமத்தின் நிபந்தனையாகவே எழுதுங்கள்.

இந்த நாட்டைப் பார்த்திராத வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ராக்கி மலைகளுக்கும் சியரா நெவாடாவுக்கும் நடுவே கிடக்கும் பெரும் வடிநிலத்தில் மழை மிகக் குறைவு. நெவாடாதான் அமெரிக்காவிலேயே வறண்ட மாநிலம். வடக்கும் தெற்குமாக நீளும் மலைத்தொடர்கள், இடையிடையே சாம்பல் நிறச் சேஜ் புதர் மூடிய பள்ளத்தாக்குகள். குளிர்காலத்தில் மலையில் விழும் பனிதான் தண்ணீர். அது மே, ஜூன் மாதங்களில் உருகி ஓடையாக இறங்கும். அந்த ஓடைகள் எதுவும் கடலைப் பார்ப்பதில்லை. ஹம்போல்ட் ஆறு நூற்றுக்கணக்கான மைல் ஓடி, கடைசியில் ஒரு சேற்றுப் பள்ளத்தில் வற்றிப்போகிறது.

இத்தகைய நாட்டில் ஓடையின் இரு பக்கமும் சில அடி முதல் சில நூறு அடி வரை ஓடும் பச்சை நாடாதான் வில்லோ புதர்க்காடு. நிலப்பரப்பில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லாத இந்தக் கரைகளைத்தான் இங்குள்ள காட்டுயிர்களில் பெரும்பாலானவை வாழ்வில் ஏதாவது ஒரு கட்டத்தில் நாடி வருகின்றன. வில்லோ என்றதும் கிரிக்கெட் மட்டை நினைவுக்கு வரும். அந்த மட்டைக்கு மரம் தருவதும் இதே பேரினம்தான், ஆனால் இங்கே இருப்பவை பெரும்பாலும் புதர்கள். தாழ்வான மணல் கரைகளில் வேரிலிருந்தே புதுத் தண்டு விட்டுப் பரவும் கொயோட்டி வில்லோ, மேலே போகப்போக மஞ்சள் வில்லோ, லெம்மன் வில்லோ, பூத் வில்லோ, கெயர் வில்லோ. இவற்றோடு நீர் பிர்ச், காட்டு ரோஜா, செந்தண்டு டாக்வுட். அடியில் பாய் விரித்தாற்போல் நெப்ராஸ்கா கோரை. கோரையின் வேர் மண்ணைத் துணிபோல் நெய்து பிடிக்கும். வில்லோவின் வேர் அதற்கும் கீழே போய்க் கரையை நிறுத்தும். இரண்டும் இருந்தால்தான் பனி உருகும் வெள்ளத்துக்குக் கரை தாங்கும்.

வில்லோ எப்படிப் பிறக்கிறது என்பதில்தான் என் வாதத்தின் வேர் இருக்கிறது. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடி பஞ்சு கட்டிய நுண்விதைகளைக் காற்றில் விடும், வெள்ளம் வடியும் சமயம் பார்த்து. விதைக்கு ஆயுள் சில நாட்கள், மிஞ்சினால் சில வாரங்கள். அதற்குள் அது ஈரமான, வெறுமையான, வெயில் படும் வண்டலில் விழ வேண்டும். புல் அடர்ந்த இடத்தில் விழுந்தால் முளைக்காது. முளைத்த பிறகு நீர்மட்டம் மெல்ல இறங்க வேண்டும். நாளொன்றுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் இறங்கினால் வேர் துரத்திப் பிடித்துவிடும், அதைவிட வேகமாக இறங்கினால் நாற்று கருகிவிடும். வெள்ளம், வண்டல், விதை, நீர் வடியும் வேகம் எல்லாம் ஒன்றுகூடும் ஆண்டு எல்லா ஆண்டும் வருவதில்லை. ஆக, ஒரு நல்ல ஆண்டில் முளைத்த தலைமுறையைத் தொலைத்தால் அடுத்த தலைமுறைக்கு எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்தத் தலைமுறை தொலைவது ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில். வசந்தத்தில் மேட்டு நிலமெங்கும் பசும்புல் இருக்கும். மாடுகள் பரவி மேயும், வில்லோவை அவ்வளவாகச் சட்டை செய்யாது. ஜூலை கடந்ததும் மேட்டுப் புல் காய்ந்து, புரதம் இறங்கி, வைக்கோலாகிவிடும். வெயிலுக்கு நிழலும் குடிக்கத் தண்ணீரும் ஓடையில். மாடு கரையை விட்டு நகராது. முதலில் கோரையை ஒட்ட மேயும். கோரை நான்கு அங்குலத்துக்குக் கீழே போகப்போக நாக்கு வில்லோவைத் தேடும். அந்த வேளையில் பச்சையாகவும் சத்தாகவும் மிச்சமிருப்பது அதன் இலையும் நுனிக்கொழுந்தும்தான். மாட்டின் வாய்க்கு எட்டும் உயரத்தில் இருப்பதெல்லாம் இளஞ்செடிகள். முதல் ஆண்டு கடிபட்டால் துளிர்க்கும், இரண்டாம் ஆண்டும் துளிர்க்கும். ஆண்டுதோறும் இலையுதிர்காலத்துக்கு முன் கடித்துக்கொண்டே இருந்தால் அது முழங்கால் உயரத்துக் கட்டையாகவே நின்று ஒருநாள் பட்டுப்போகும்.

இதில் ஒரு கண்கட்டு வித்தை இருக்கிறது. முதிர்ந்த வில்லோக்கள் வாய்க்கு எட்டாத உயரத்தில் குடை விரித்து நிற்கும். கீழ்ப்பாகம் மொட்டை, மேலே பசுமை. சாலையில் காரில் போகிறவருக்கு, ஏன், ஆண்டுக்கொரு முறை வந்து எட்டிப் பார்க்கும் அதிகாரிக்கும்கூட, ஓடை செழிப்பாகவே தெரியும். கிட்டப் போய்க் குனிந்து பார்த்தால்தான் விஷயம் புரியும். பிள்ளைகள் எல்லாம் போய், வயதானவர்கள் மட்டும் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஊர் அது. அந்தக் கிழட்டுப் புதர்கள் சாயும் நாளில் அவற்றின் இடத்துக்கு வர யாரும் இல்லை.

புல்லின் தாள் உயரம் இதைக் காட்டிக்கொடுக்காது என்பதே என் குறை. பருவ முடிவில் தாள் நான்கு அங்குலமோ ஆறு அங்குலமோ இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கிறீர்கள். கரை மண்ணைக் காக்க அது நல்ல அளவுகோல்தான், மறுக்கவில்லை. ஆனால் புல் கடிபட்ட பிறகும் சில வாரங்களில் வளர்ந்துவிடும். செப்டம்பர் மழை ஒன்று பெய்தால், அல்லது ஈரமான ஆண்டாக அமைந்தால், தாள் தேறிவிடும். அளக்க வருபவர் வரும்போது ஆறு அங்குலம் நிற்கும். பக்கத்தில் நுனி இழந்த வில்லோ நாற்றைப் பற்றிக் குறிப்பேட்டில் எதுவும் இருக்காது. வில்லோ அந்த ஆண்டின் நுனியை அந்த ஆண்டில் திரும்ப விடாது. அது நடந்ததை அடுத்த வசந்தம் வரை அப்படியே வைத்துக்கொண்டிருக்கும் சாட்சி.

உங்களிடம் இதற்கு முறை இல்லை என்றும் சொல்ல முடியாது. 2011இல் நீங்களே வெளியிட்ட பல்குறியீட்டுக் கண்காணிப்புக் கையேட்டில் தாள் உயரத்தோடு, கரை மிதிபடும் அளவு, மரச்செடிகள் கடிபடும் அளவு, அவற்றின் வயதுப் பிரிவு எல்லாமே அளக்கச் சொல்லியிருக்கிறது. நாற்று எத்தனை, இளஞ்செடி எத்தனை, முதிர்ந்தது எத்தனை என்று எண்ணவும் வழி இருக்கிறது. கையேட்டில் இருப்பது உரிமத்தின் நிபந்தனைப் பக்கத்துக்கு ஏன் வரவில்லை?

தாமதத்துக்கு இங்கே விலை உண்டு. வில்லோ போன ஓடை அப்படியே காத்திருக்காது. வேர்ப்பிடி இழந்த கரை வெள்ளத்தில் இடியும், ஓடை அகலும், பிறகு அடியை அரித்துக்கொண்டு கீழே இறங்கும். ஆறடி, பத்தடி ஆழத்துக்கு இறங்கிய ஓடைகளை நெவாடாவிலும் ஓரிகனிலும் எத்தனையோ இடங்களில் பார்க்கலாம். ஓடை இறங்கினால் இரு பக்கத்து நிலத்தடி நீர்மட்டமும் கூடவே இறங்கும். கோரை வெளிகள் காய்ந்து அங்கே சேஜ் புதர் ஏறும். அதற்குப் பிறகு மாடுகளை முழுக்க வெளியேற்றினாலும் வில்லோ தானாகத் திரும்பாது. வெள்ளம் கரை மேல் ஏறினால்தானே வண்டலும் விதையும் அங்கே படியும்?

யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் வடபகுதி இதற்கு நல்ல பாடம். அங்கே கடித்தது மாடு அல்ல, எல்க் மான். 1995, 1996 ஆண்டுகளில் ஓநாய்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். எல்க் எண்ணிக்கை குறைந்தது, ஓநாய் வந்ததும் வில்லோ எழுந்தது என்று உலகம் முழுக்கச் செய்தி பரவியது. சில இடங்களில் எழுந்தது உண்மை. ஆனால் 2001இல் தொடங்கிய ஒரு நீண்ட சோதனையில், அடி அரிபட்ட சிற்றோடைகளின் சில பகுதிகளை வேலியிட்டு, சில பகுதிகளில், மரத்தைப் பல்லால் வெட்டி ஓடையில் அணை கட்டும் பீவர் என்ற விலங்கின் அணைபோல் தடுப்பணையும் கட்டிப் பார்த்தார்கள். வேலி மட்டும் போட்ட இடத்தில் வில்லோ பெரிதாகத் தேறவில்லை. வேலியும் அணையும் சேர்ந்து, நீர்மட்டம் உயர்ந்த இடத்தில்தான் ஓங்கி வளர்ந்தது. கடிப்பதை நிறுத்துவது மட்டும் போதாத நிலை ஒன்று உண்டு என்பதை அந்தச் சோதனை காட்டிவிட்டது. அந்த நிலைக்குப் போகாத ஓடைகள் இன்னும் உங்கள் கையில் இருக்கின்றன. அவற்றுக்குத்தான் முதலில் இந்த நிபந்தனை வேண்டும்.

பீவர் பேச்சு வந்துவிட்டது. அதையும் சொல்லிவிடுகிறேன். 1820களில் பிரிட்டிஷ் தோல் வணிக நிறுவனமான ஹட்சன் பே நிறுவனத்துக்காகப் பீட்டர் ஸ்கீன் ஆக்டன் ஸ்னேக் ஆற்று நாடெங்கும் பொறிவைப்பவர்களோடு சுற்றினார். 1828இல் ஹம்போல்ட் ஆற்றையும் அடைந்தார். பீவர் தோல் வணிகம் ஒரு நோக்கம், அமெரிக்கர்கள் வராதபடி அந்த நாட்டில் பீவரே இல்லாமல் துடைத்துவிடுவது இன்னொரு நோக்கம். மாடுகள் வருவதற்கு முன்பே அணைகளைப் பராமரிக்க ஆளில்லாமல் போனது இப்படித்தான். பழியை எல்லாம் மாட்டின் மேல் போடுகிறவர்கள் இந்த வரலாற்றை மறந்துவிடுகிறார்கள். பீவர் வில்லோவை வெட்டும், ஆனால் குளிர்காலத்துக்காக வெட்டிய அடிக்கட்டையிலிருந்து அடுத்த ஆண்டு பத்துத் தண்டு துளிர்க்கும். அணைக்குப் பின்னால் நீர் பரவி, நீர்மட்டம் ஏறி, வில்லோவுக்குப் புது நிலம் கிடைக்கும். வில்லோ இல்லாமல் பீவர் வந்தால், சேஜ் குச்சியால் கட்டிய அணை முதல் வெள்ளத்திலேயே அடித்துக்கொண்டு போகும்.

இதெல்லாம் சேர்ந்து எப்படி நடக்கும் என்பதற்கு உங்கள் பணியகமே சாட்சி வைத்திருக்கிறது. நெவாடாவின் எல்கோ நகருக்கு மேற்கே, கார்லின் அருகே ஹம்போல்ட்டில் கலக்கும் சூசி ஓடை. 1980களின் பழைய படங்களில் அது வெறும் சரளைக்கல் பரப்பு, ஊடே ஒரு நீர்க்கோடு. மாட்டை வெளியேற்றவில்லை. மேய்ச்சலின் பருவத்தையும் கால அளவையும் மாற்றினார்கள், வளரும் பருவத்தில் கரைக்கு ஓய்வு கொடுத்தார்கள். முதலில் கோரை, பிறகு வில்லோ. வில்லோ தேறியதும் யாரும் கொண்டுவந்து விடாமலே பீவர் வந்து சேர்ந்தது. 2012க்குப் பின் வந்த கடும் வறட்சி ஆண்டுகளிலும் பீவர் குட்டைகளில் தண்ணீர் நின்றது, மாடுகளுக்கும்தான். பக்கத்து மேகி ஓடையிலும் 1990களில் சுரங்க நிறுவனமும் கால்நடைப் பண்ணையும் பணியகமும் சேர்ந்து இதைப் போன்றே செய்தார்கள். இது உங்கள் வெற்றி. இதைப் பற்றி நீங்கள் பெருமையாகப் பேசும்போது நானும் கைதட்டுகிறேன். ஆனால் பல ஆண்டுகளாக எல்லாருமே சூசி ஓடையை மட்டும் காட்டிக்கொண்டிருப்பது என்னை உறுத்துகிறது. நூற்றுக்கணக்கான ஓடைகளில் செய்திருக்க வேண்டியதல்லவா?

மாட்டை முற்றிலும் நிறுத்திய இடமும் இருக்கிறது. ஓரிகனின் ஹார்ட் மலை மறிமான் காப்பகத்தில் 1990களின் தொடக்கத்தில் மேய்ச்சலை நிறுத்தினார்கள். இருபதாண்டுகளுக்கு மேல் கழித்து, பழைய படங்கள் எடுத்த அதே இடங்களில் நின்று மறுபடியும் படம் எடுத்து ஒப்பிட்டார்கள். வெற்று மண் ஏறத்தாழ 90 விழுக்காடு குறைந்திருந்தது. வில்லோவின் பரப்பு பல மடங்கு கூடியிருந்தது. யாரும் நடவில்லை, பொறியாளர் யாரும் வரவில்லை.

எல்லா இடத்திலும் ஹார்ட் மலை வழியில் போங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பண்ணைக்காரர்களின் பக்கமும் தெரியும். பலருக்கு அது மூன்று நான்கு தலைமுறைத் தொழில். வேலி போடவும், மேட்டில் தொட்டி கட்டிக் குழாயில் தண்ணீர் ஏற்றவும், மாடுகளைக் கரையிலிருந்து விரட்டிக்கொண்டே இருக்கக் குதிரையில் ஆள் வைக்கவும் பணம் வேண்டும். 1986இல் வந்த ஆணையின்படி ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதம் மேயக் குறைந்தபட்சக் கட்டணம் 1.35 டாலர். நெடுங்காலம் அந்தக் கீழ்வரம்பிலேயே கட்டணம் நின்றிருக்கிறது. இவ்வளவு மலிவாக நிலத்தைத் தரும் அரசு, தொட்டிக்கும் வேலிக்கும் பங்கு கொடுத்துவிட்டு, பதிலுக்கு வில்லோவைக் கேட்பது அநியாயம் ஆகாது. ஆகஸ்டு தொடங்கும் முன் கரையை விட்டுப் போகத் தயாராக இருக்கும் பண்ணைக்காரருக்கு வசந்தத்தில் கூடுதல் நாள் கொடுங்கள். வசந்தத்தில் ஈரக் கரை மிதிபடும் என்பதும் உண்மைதான். அதை அந்தந்த ஓடையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், அலுவலக நாற்காலியிலிருந்து முடியாது.

இன்னொன்று. வில்லோ நடும் நாள் என்று தன்னார்வலர்களை அழைத்துக் குச்சி நட வைக்கிறார்களே, அதில் நானும் கலந்துகொண்டிருக்கிறேன். குளிர்காலத்தில் வெட்டிய குச்சியை நீர்மட்டம் வரை ஆழமாக இறக்கினால் போதும், சுலபமாக வேர் பிடிக்கும், பிள்ளைகளுக்கும் கொண்டாட்டம். ஆனால் மேய்ச்சல் அட்டவணையில் ஒரு நாள்கூட மாற்றாமல் நடுவது மாட்டுக்குத் தீவனம் நடுவதுதான். நாங்கள் நட்ட ஓடையொன்றில் இலையுதிர்காலத்தில் போய்ப் பார்த்தபோது மிச்சமிருந்தவை பல்தடம் பட்ட குச்சிகள். அட்டவணையை முதலில் மாற்றுங்கள், நடுவதற்கு வேலையே இல்லாமலும் போகலாம்.

இந்தக் கரைகளுக்கு நம்மைவிட மூத்த உரிமைக்காரர்கள் உண்டு. வாஷோ, வடக்குப் பையூட், மேற்கு ஷோஷோனி ஆகிய பழங்குடி மக்கள் வில்லோ விளாரில் கூடை முடைந்தார்கள், விதை புடைக்கும் முறம் செய்தார்கள், குழந்தையைச் சுமக்கும் தொட்டில் பலகை கட்டினார்கள். இன்றும் செய்கிறார்கள். 1925இல் மறைந்த வாஷோ பெண் தாட் சோ லா லீயின் கூடைகள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. கூடைக்கு வேண்டியது கணு குறைந்து நேராக ஓடும் இளவிளார். இலை உதிர்ந்தபின் வெட்டி, அடுத்த ஆண்டு நேர்த்தண்டு கிளம்பும்படி புதரைப் பேணினார்கள். கடிபட்டுக் கிளைத்து முறுக்கிய புதரிலிருந்து கூடைக்குக் குச்சி கிடைக்காது. உங்கள் அளவைக் குழுக்களில் அந்த முடைபவர்களை ஒருமுறை அழைத்துப் பாருங்கள். எந்த விளார் எந்தப் பருவத்தில் எதனால் கெட்டது என்று அவர்கள் கையில் எடுத்ததுமே சொல்லிவிடுவார்கள்.

இனி சட்டம். 1995இல் வந்த மேய்ச்சல் நில ஆரோக்கிய விதிகள், ஓடைக்கரைகள் ஒழுங்காகச் செயல்படும் நிலையில் இருக்க வேண்டும் அல்லது அதை நோக்கி முன்னேற வேண்டும் என்கின்றன. தற்போதைய மேய்ச்சல்தான் குறைக்குக் காரணம் என்று கண்டால் திருத்த நடவடிக்கை எடுக்கவும் சொல்கின்றன. உரிமம் பத்தாண்டுக்கு. அது முடியும் தருணம்தான் நிபந்தனையை மாற்ற வசதியான வாய்ப்பு. ஆனால் சுற்றுச்சூழல் ஆய்வு முடியாவிட்டால் பழைய நிபந்தனைகளோடே உரிமம் புதுப்பிக்கப்படும் என்று 2014இல் செய்த சட்டத் திருத்தம் இருக்கிறது. ஆள் பற்றாக்குறை, வழக்குகள், காட்டுத்தீ, எல்லாம் தெரியும். விளைவு என்னவென்றால், ஆய்வு தள்ளிப்போகும் ஒவ்வோர் உரிமத்திலும் பழைய தாள் உயரமே இன்னொரு பத்தாண்டுக்குச் சட்டமாகிவிடுகிறது. ஒரு வில்லோத் தலைமுறை எழுந்து மாட்டின் வாய் எட்டாத உயரத்துக்குப் போக அதைவிடக் குறைந்த காலமே போதும்.

எனவே, வரிசை எண் போடாமல், பேச்சோடு பேச்சாகவே கேட்கிறேன். ஆய்வு நிலுவையில் இருக்கும் உரிமங்களில், இன்னும் அடி அரிபடாத, நாற்று முளைக்கும் வாய்ப்புள்ள ஓடைகள் இருக்கும் பகுதிகளை முன்னால் எடுங்கள். அவற்றில் கண்காணிப்பு இடங்களைக் குறித்து, இளம் வில்லோவின் நுனிக்கொழுந்துகளில் எவ்வளவு கடிபட்டால் மாடு வெளியேற வேண்டும் என்று எண்ணாகவே எழுதுங்கள். அந்த எண் எவ்வளவு என்பதை உங்கள் தாவரவியலாளர்கள் ஒவ்வோர் ஓடைக்கும் முடிவு செய்யட்டும், அதில் நான் தலையிடவில்லை. பருவம் முடிந்தபின் ஒரு முறை அளந்து கோப்பில் வைப்பது போதாது. ஜூலை கடைசியிலிருந்து மாடு கரையில் நிற்கும் காலம் முழுக்க யாராவது போய்ப் பார்க்க வேண்டும். பண்ணைக்காரரே அளந்து படத்தோடு அனுப்பலாம், நீங்கள் திடீரென்று போய்ச் சரிபார்க்கலாம். எல்க்கும் காட்டுக்குதிரையும் கடிக்கும் இடங்களில் யார் கடித்தது என்று பிரித்துப் பாருங்கள். குற்றம் செய்யாத மாட்டைத் தண்டிக்க வேண்டாம்.

கடைசியாக, நெவாடா, ஓரிகன், ஐடஹோ, யூட்டா மாநிலங்களில் ஓடைக்கரைக் கண்காணிப்பில் இதுவரை எடுத்த மரச்செடி வயதுக் கணக்குகளை ஓடைவாரியாக இணையத்தில் வெளியிடுங்கள். எந்த ஓடையில் கணக்கே எடுக்கவில்லை என்பதையும் சேர்த்து. அடுத்த பொதுக் கருத்துக் கேட்பு வரும்போது எங்களில் சிலர் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வருவோம்.

இப்படிக்கு,
வடக்கு நெவாடாவிலிருந்து ஒரு தமிழச்சி